விட்டுக்கொடுத்த விடை

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை ஆனால் நாங்கள் ஐந்து பேர் வீடியோ அழைப்பில் கூடுவோம். 2020 ஊரடங்கில் ஆரம்பித்த பழக்கம். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஐந்து பேரும் ஒரே பொறியியல் கல்லூரி, ஒரே வகுப்பு. இப்போது இரண்டு பேர் பெங்களூருவில் இருக்கிறார்கள். ஒருவன் டல்லாஸில், அவனுக்கு அது சனிக்கிழமை காலை. ஒருவன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தை விட்டு நகரவே இல்லை. நான் வாரநாட்களில் சென்னையிலும் வாரக்கடைசியில் தாமலிலுமாக இருக்கிறேன்.

கூடிப் பேசி முடித்தபிறகு ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டிவி தொடரை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து துப்புகள் கொடுப்பார். முதல் துப்பிலேயே கண்டுபிடித்தால் பத்துப் புள்ளி. அடுத்தடுத்து எட்டு, ஆறு, நாலு, இரண்டு. தப்பாகச் சொன்னால் அந்தச் சுற்றில் வாயைத் திறக்கக்கூடாது. கடைசித் துப்பு பெரும்பாலும் ஒரு படம், தொடரிலிருந்து எடுத்த ஒரு காட்சி. அதைப் பார்த்தால் யாரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அதற்கு இரண்டே புள்ளி.

விஜய் டிவியில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கும் முன்னால் கல்லூரி நாட்களில் ஆகஸ்ட் 15 அன்று மியூசிக் அகாடமியில் நடக்கும் லேண்ட்மார்க் வினாடி வினாவுக்குப் போய், முதல் சுற்றிலேயே தோற்று, கேண்டீனில் காபி குடித்துத் திரும்பியவர்கள். அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. நல்ல கேள்விக்கு விடை மனப்பாடத்தில் இருக்க வேண்டியதில்லை, யோசித்து வந்து சேர முடிய வேண்டும். அப்படி ஒரு கேள்வியை உருவாக்கிவிட வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க மெனக்கெட்டு, ஒரு சனிக்கிழமை இதைக் கேட்டேன்:

“இந்தத் தொடரோட டைட்டில் பாட்டைப் பாடினவங்களோட பாட்டி பேர்ல, எங்க ஊர் இனிஷியலா இருக்கு. எந்தத் தொடர்?”

தாமல் என்றால் பலருக்கும் நெடுஞ்சாலையில் கடந்து போகும் ஒரு பெயர்ப்பலகைதான். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் வழியில் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வரும். மழைக்காலம் நன்றாக இருந்த வருடமென்றால் சாலையை ஒட்டி ஒரு பெரிய ஏரி தெரியும், அது எங்கள் ஏரி. இந்தப் பெயரைச் சங்கீதக்காரர்கள் தினமும் உச்சரிக்கிறார்கள், உச்சரிக்கிறோம் என்று தெரியாமலே. டி.கே. பட்டம்மாள் என்பதில் இருக்கும் ‘டி’ தாமல்தான். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அவருடைய பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன். அவர் பாடிய டைட்டில் பாட்டு, 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 நவம்பர் வரை தமிழ்நாட்டு வீடுகளை ராத்திரி கட்டிப்போட்ட ‘சித்தி’க்கு.

குறைந்தது மூன்றாவது துப்புவரைக்கும் இழுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஐந்து விநாடி கூட ஆகவில்லை.

“சித்தி,” என்றான் பிள்ளையார்பாளையத்து நண்பன்.

எல்லோருக்கும் கடுப்பு. காரணம், அவன் ‘நான் சீரியலெல்லாம் பாத்ததே இல்ல’ என்று கல்லூரி நாளிலிருந்து சொல்பவன். பெங்களூருக்காரன் ஒருவன் ஆரம்பித்தான். “டேய், பாக்காத சீரியலுக்கு எப்படிறா பத்து மார்க் வாங்கற? விக்கிபீடியாவ மனப்பாடம் பண்ணிட்டு வர்றியா?” இன்னொருவன் ஒரு விதியே முன்மொழிந்தான். பார்த்த தொடருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நண்பன் சிரித்தான். “பாக்கலடா. கேட்டேன்.”

*

அவன் தாய்மாமன் வீட்டில் பட்டுத்தறி. காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. நெய்யும்போதே ஒவ்வொரு இழையிலும் உடல் நூலையும் கரை நூலையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். ஒரு ஆளால் மூன்றையும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் அநேகமாக வீட்டில் இருக்கும் ஒரு பையன்தான்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. ஆனால் குடும்பத் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. மாமன் தறியை யாரும் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் அந்தக் கரையோரம் உட்கார்ந்தான். முகூர்த்த மாதங்களில் ராத்திரி பத்து மணிவரை.

டிவி பக்கத்து அறையில். தறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். இவன் கண் கரையில் இருக்க வேண்டும். கண் நகர்ந்தால் கோர்வை தப்பும், தப்பினால் பிரித்துத் திரும்பப் போட வேண்டும், பிரித்தால் மாமன் கை சும்மா இருக்காது. காதுக்கு மட்டும் யாரும் தடை போடவில்லை.

“விடாது கருப்பு வந்தப்ப இன்னும் சின்னப் பையன். குதிரைச் சத்தம் மட்டும்தான் தெரியும். அந்தக் குதிரை என்ன நிறம்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. மெட்டி ஒலியில அஞ்சு பொண்ணுங்க. அஞ்சு குரலையும் இருமல வச்சே பிரிச்சுச் சொல்வேன். கோலங்கள் வில்லன் ஆதிய ரொம்ப வருசம் கழிச்சு யூடியூப்ல பாத்தேன் மச்சி. இவன் இல்லடா அதுன்னு தோணிச்சு. எனக்குள்ள இருந்த ஆதி இவனவிடக் குண்டு, மீசை வேற.”

கேட்கத் தொடங்கியபோது எல்லோரும் சிரித்தோம். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த விதியை முன்மொழிந்தவன் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நானே கவனித்துப் பார்த்தேன். நம் தொடர்கள் உண்மையில் காதுக்காகத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. யாராவது வாசலில் வந்து நின்றால், ‘வாங்க மாமா, இப்பதான் வந்தீங்களா’ என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். கடிதத்தைப் படித்தால் வாய்விட்டுப் படிப்பார்கள். அதிர்ச்சி என்றால் மூன்று இடி. ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009வரை 1500 அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது. ஆறு வருடம் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து பார்க்க முடியுமா? சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டும், பூ கட்டிக்கொண்டும், தறியில் உட்கார்ந்துகொண்டும் கேட்டவர்களால்தான் அது ஓடியிருக்க வேண்டும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். ‘அபி என்ன சொன்னா?’ என்று அடுக்களையிலிருந்து கேட்பார், கூடத்திலிருந்து நான் பதில் சொல்வேன். அப்போது தொடரைப் ‘பார்த்தது’ யார்?

*

அடுக்களை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதே காஞ்சிபுரத்தில் ஒரு பெண் தர்க்கம் படித்தாள், மணிமேகலை. காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு ஊகித்து அறிவது எப்படி என்று பாடம் நடத்துகிறார். காப்பியம் படிக்கிறவர்கள் அநேகமாகத் தாண்டிப் போய்விடுகிற பகுதி. எனக்குப் பிடித்த பகுதி அதுதான், வேலை அப்படி.

அதில் வரும் உதாரணம் இந்தியத் தர்க்கம் முழுக்கச் சுற்றிவருவது. தூரத்து மலையில் புகை தெரிகிறது. நெருப்பு தெரியவில்லை. மலையில் நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்கிறோம். எப்படி? புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது தெரியும். அது எப்படித் தெரியும்? அடுக்களையில் பார்த்திருக்கிறோம். வடமொழி நியாய நூல்கள் இதற்கு எதிர் உதாரணமாக ஏரியைச் சொல்லும். ஏரியில் நெருப்பில்லை, அதனால் புகையுமில்லை.

எங்கள் விளையாட்டு அப்படியே இதுதான். துப்பு என்பது புகை. தொடர் என்பது மலைக்கு அப்பால் இருக்கும் நெருப்பு. புகையிலிருந்து நெருப்புக்குப் போவது புத்திசாலித்தனம் என்று கைதட்டுகிறோம். அடுக்களையை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்த ஒரு அடுக்களை இல்லாதவனுக்கு, மலையில் தெரிவது வெறும் சாம்பல் நிறம்.

தர்க்க ஆசிரியர்கள் அடுக்களையை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம், அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பதுதான். ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டு அடுக்களையை எல்லார் வீட்டு அடுக்களை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் நிகழ்தகவு வந்தால் சீட்டுக்கட்டு வரும். 52 சீட்டு, நாலு வகை, ராஜா ராணி. சீட்டாடுவது குடி கெடுக்கும் பழக்கம் என்று அடித்து வளர்த்த வீட்டுப் பெண், பரீட்சை ஹாலில் உட்கார்ந்து ‘ஸ்பேட் வருவதற்கான நிகழ்தகவு’ என்ற வரியைப் பார்ப்பாள். அவளுக்குக் கணக்கு தெரியும், ஸ்பேட் தெரியாது. அவள் விடைத்தாளில் விழும் பூஜ்ஜியம் எதற்கு விழுந்தது?

நானே அதைச் செய்திருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலு லிஃப்ட் எப்படி ஓட வேண்டும், அதற்கு நிரல் எழுது என்று கேட்பது என் வழக்கம். ஒரு பையன் ஆரம்பத்திலேயே தடுமாறினான். லிஃப்டுக்கு வெளியே இருக்கும் பொத்தானையும் உள்ளே இருக்கும் பொத்தானையும் மாற்றி மாற்றிக் குழப்பினான். அடிப்படை வரவில்லை என்று குறித்து அனுப்பிவிட்டேன். அவன் அன்றைக்கு என் அலுவலகத்துக்கு மேலே வர ஏறியதுதான் அவன் வாழ்க்கையில் மூன்றாவதோ நாலாவதோ லிஃப்டாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது, தறிக் கதையைக் கேட்ட பிறகுதான். அதற்குள் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

*

தறிக் கதைக்குப் பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. ஐந்தாவது துப்பு, யாரும் சொல்லிவிடக்கூடிய அந்தப் படம், அவனுக்கு மட்டும் கடினமான துப்பு. பழைய புள்ளிகளை எடுத்துப் பார்த்தேன் (ஆமாம், கணக்கு வைத்திருக்கிறேன், தொழில் புத்தி). முதல் இரண்டு துப்புகளில் அவன் எங்கள் எல்லோரையும்விட முன்னால். படத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. ஆட்டம் இறுகும்போதெல்லாம் படத்தில்தான் அவன் தோற்றிருக்கிறான்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்று. செய்தது வேறொன்று. நான் அவனுக்காகத் தோற்க ஆரம்பித்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. வேறு யாராவது கேள்வி கேட்கும் வாரங்களில், நானும் அவனும் போட்டியில் இருந்தால், தெரிந்த விடையைச் சொல்லாமல் கொஞ்சம் இழுப்பேன். ‘நாக்குல இருக்குடா, வரமாட்டேங்குது’ என்பேன். சில நேரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வெளியே போய்விடுவேன். அவன் ஜெயிப்பான். எனக்குள்ளே ஒரு வெதுவெதுப்பு. நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு ஐந்து பேரும் தாமலுக்கு வந்தார்கள். டல்லாஸ்காரன் விடுமுறையில் வந்திருந்தான். ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கரையில் நடந்துவிட்டு, ராத்திரி எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அம்மா வடை போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். கேள்வி கேட்டது டல்லாஸ்காரன். கடைசிக் கேள்விக்கு வரும்போது நானும் பிள்ளையார்பாளையத்தானும் சமம்.

நாலு துப்பும் வெளிநாட்டில் உட்கார்ந்து யோசித்த துப்புகள், யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியாக மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினான். ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறார். நடன இயக்குநர் சாந்தி. அந்தப் பாட்டுக்கு ஆடியதால்தான் இன்றைக்கும் அவரை மெட்டி ஒலி சாந்தி என்று கூப்பிடுகிறார்கள். 2002இலிருந்து 2005வரை டிவி பார்த்த யாருக்கும் ஒரு விநாடி போதும்.

நண்பன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டைட்டில் பாட்டை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை பாடக்கூடியவன் அவன். படம் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

“தெரியல மச்சி,” என்றேன் நான்.

டல்லாஸ்காரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “என்னடா விளையாடறியா? போன மாசம் நம்ம குரூப்ல இந்தப் படத்தப் போட்டதே நீதான்.”

மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

நண்பன் என் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே கேட்டான். “எத்தன நாளா நடக்குது இது?”

நான் ஏதோ சொன்னேன். விளையாட்டுதானேடா என்றோ என்னவோ. அவன் எழுந்து செருப்பை மாட்டினான். “எனக்குத் தெரியலன்னா தெரியாமலே இருக்கட்டுமே. அதுவும் என்னோடதுதானே. அத எதுக்கு நீ எடுத்துக்கற?” வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஐந்து சனிக்கிழமை அழைப்புக்கு வரவில்லை.

*

அந்த ஐந்து வாரமும் நான் எனக்குள்ளே வாதாடிக்கொண்டிருந்தேன். முதல் சாட்சி வள்ளுவர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். என் பொய்யால் யாருக்கு என்ன கெடுதல்? ஒருவன் சந்தோஷப்பட்டான். இரண்டு புள்ளி, பரிசுகூடக் கிடையாது.

இரண்டாவது சாட்சி எல்லா அம்மாக்களும். சோறு குறைவாக இருக்கும் ராத்திரி ‘எனக்குப் பசிக்கல’ என்று சொல்லாத அம்மா உண்டா? அதைப் பொய் என்று யார் குற்றம் சொல்வார்கள்?

மூன்றாவது என் ஆயா. பல்லாங்குழியில் எனக்காக எத்தனையோ முறை தோற்றிருக்கிறார்.

வாதம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சாட்சியும் உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கு எதிராகத் திரும்பியது. பசிக்கவில்லை என்ற அம்மா பட்டினி கிடந்தார். என் பொய்யில் நான் எதை இழந்தேன்? இரண்டு புள்ளியைக் கொடுத்து, நல்லவன் என்ற நினைப்பை வாங்கிக்கொண்டேன், லாபம் எனக்குத்தான். ஆயா எனக்காகத் தோற்றது நான் முத்து எண்ணக் கற்றுக்கொள்ளும்வரை. எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும், ஒருநாள் ஒரே ஆட்டத்தில் என் குழியையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டார். அழுதேன். ஆனால் அன்றைக்குத்தான் ஆயா முதல்முறையாக என்னோடு விளையாடினார், அதுவரை விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நண்பனோடு செய்தது அதன் தலைகீழ். முப்பது வயதைத் தாண்டிய ஒருவனை, என்னோடு சமமாக ஆடிக்கொண்டிருந்த ஒருவனை, குழந்தை இடத்தில் திரும்ப உட்காரவைத்துவிட்டேன். அவனைக் கேட்காமலே.

வள்ளுவரின் சொல்லில் பிடி ‘நன்மை’யில் இல்லை, ‘குற்றமற்ற’ என்பதில் இருக்கிறது. குற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நன்மையைப் பெற்றுக்கொள்கிறவன். அவனிடம் மறைத்துவைத்தால்தான் அந்த நன்மை நடக்கும் என்றால், அவனால் அதை எப்போதும் சோதித்துப் பார்க்க முடியாது.

‘எத்தன நாளா’ என்ற அவன் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் விட்டுக்கொடுத்தது ஏழோ எட்டோ தடவை. ஆனால் அவனுக்கு அது எந்த எட்டு என்று தெரியாது. தாமல் கேள்விக்கு ஐந்து விநாடியில் ‘சித்தி’ என்று சொன்னானே, அது சுத்தமாக அவனுடைய வெற்றி. இப்போது அதிலும் சந்தேகம் விழுந்துவிட்டது.

இதற்கு ஒரு பழைய அமெரிக்க உதாரணம் உண்டு. 1956இல் என்பிசி தொலைக்காட்சியில் ‘ட்வென்டி ஒன்’ என்று ஒரு வினாடி வினா. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற நியூயார்க்காரர் வாரக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியே ஏற்பாடு. விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், பொருந்தாத கோட்டும் மலிவான கைக்கடிகாரமும் போட்டுக்கொள்ளச் சொல்லி ஏழைக் களையையும் அவர்களே உண்டாக்கியிருந்தார்கள். பிறகு அவர் போதும் என்று முடிவு செய்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய, பார்க்க லட்சணமான சார்லஸ் வான் டோரனிடம் தோற்கச் சொன்னார்கள். டிசம்பர் 5 அன்று கேட்ட கேள்வி: 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு? விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பெலுக்கு மிகப் பிடித்த படம் அது. தெரியும். ஆனால் ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ என்று தப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்க் கூண்டில் நின்ற வான் டோரனோ, முன்பே கையில் வாங்கிய விடைகளை, நெற்றியைத் துடைத்து, இழுத்து இழுத்து, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் இப்படி ஏற்பாடு செய்வதைத் தடுத்துச் சட்டமே வந்தது.

இந்தக் கதையை நிறையப் பேர் பணம், பேராசை என்று படிக்கிறார்கள். எனக்குத் தைப்பது வேறு. அந்தக் கூண்டுகளில் நின்ற இரண்டு பேருமே தெரிந்ததைத் தெரியாததுபோல நடித்தார்கள். ஸ்டெம்பெல் நிஜமாகவே நிறையத் தெரிந்தவர். ஆனால் அதன்பிறகு, அவர் ஜெயித்ததில் எது அவருடையது எது கொடுக்கப்பட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. என் நண்பனுக்கு நான் செய்தது அதைத்தான். ஸ்டெம்பெலுக்காவது ஏற்பாடு நடப்பது தெரியும். இவனுக்கு அதுகூடத் தெரியாது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் பேசாமல் இருப்பது எல்லாமே பொய்யில்லை. வகுப்பில் முந்திரிக்கொட்டைபோல எல்லாவற்றுக்கும் கை தூக்காமல், பக்கத்தில் இருப்பவன் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பது பண்பு. அங்கே நான் எனக்குத் தெரியாது என்று சொல்வதில்லை. அவனுக்கு நேரம் கொடுக்கிறேன், அவன் கேட்டால் ஆமாம், காத்திருந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்லலாம். மாடியில் நான் சொன்ன ‘தெரியல’வை அப்படி யாரிடமும் சொல்ல முடியவில்லை. பிறகு வெளியே சொல்ல முடியுமா முடியாதா என்பதே போதுமான சோதனை என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட மோசமான விஷயம் கடைசியாகத்தான் உறைத்தது. நான் தோற்றுக்கொண்டே இருந்ததால் கேள்விகள் மாறவில்லை. படம்தான் சுலபமான துப்பு என்பது அப்படியே இருந்தது, நான் கேள்வி கேட்ட வாரங்களிலும்கூட. ஆட்டத்தின் அமைப்பில் ஒரு சாய்வு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வெளியே சொல்லி, வாங்கடா விதியை மாத்துவோம் என்று சொல்லியிருந்தால் நாலு பேரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள், பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ரகசியமாக முடிவுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிரலில் பிழை இருப்பது தெரிந்தும் அதைச் சரிசெய்யாமல், வெளியே வரும் அறிக்கையில் எண்ணை மட்டும் மாற்றி எழுதுகிறவனை எங்கள் தொழிலில் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

லிஃப்ட் கேள்வியில் தடுமாறிய பையனுக்கும் இது பொருந்தும். அவன் வராத விடைக்கு இரக்கப்பட்டு மார்க் போட்டிருந்தால் அவனுக்கும் அது அவமானம், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் அதே கேள்வி காத்திருக்கும். மாற்ற வேண்டியது கேள்வியை. இப்போது நான் யாரையாவது நேர்காணல் செய்தால், முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்கிறேன். ஒருவர் ரேஷன் கடை வரிசையைச் சொன்னார், ஒரு பெண் அவள் அப்பாவின் கோழிப்பண்ணையைச் சொன்னாள். அதிலிருந்து அதே அளவு கடினமான கணக்கைப் போட முடிகிறது. வராதவர்களுக்கு வரவில்லை என்று எழுதுவதில் இப்போது தயக்கமும் இல்லை.

*

ஆறாவது வாரம் வியாழக்கிழமை பிள்ளையார்பாளையம் போனேன். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். எத்தனை நாளாக, எந்தெந்தக் கேள்வி என்று என் கணக்கிலிருந்து எழுதி எடுத்துப் போயிருந்தேன். எட்டுக் கேள்வி. அவன் வாங்கிப் படித்தான். “இதுல ரெண்டு எனக்கு நிஜமாவே தெரியும்டா. நீ விட்டுக்குடுக்காட்டியும் சொல்லியிருப்பேன்,” என்றான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். டீ சாப்பிட்டோம்.

சனிக்கிழமை குரூப்பில் அவன் செய்தி வந்தது: இந்த வாரம் நான் கேக்கறேன். எல்லாரும் ஹெட்ஃபோன் எடுத்துட்டு வாங்க.

படமே கிடையாது. பத்துக் கேள்வியும் ஒலி. பாட்டு இல்லை, வசனம் இல்லை. ஒரு கதவு திறக்கும் சத்தம், ஒரு கொலுசு, மூன்று இடி, யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். நாங்கள் நாலு பேரும் ஆயிரக்கணக்கான மணி நேரம் கண்ணால் பார்த்த தொடர்கள். ஒன்றுமே பிடிபடவில்லை. “இன்னொரு துப்பு குடுடா,” என்று கெஞ்சினோம். “யோசிங்க. நேரம் இருக்கு,” என்றான். காத்திருந்தான். விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தாவது கேள்வி, தறிச் சத்தம். மாமன் தறி இன்னும் ஓடுகிறது, போன வாரம்தான் பதிவு செய்தானாம். டக், டக் என்று பலகை அடிக்கும் சத்தத்துக்குப் பின்னால், பக்கத்து அறையில் எங்கேயோ ஒரு டிவி. என்ன தொடர் என்று கேட்டான். மூன்று முறை போட்டுக் காட்டினான். எங்களுக்குத் தறி மட்டும்தான் கேட்டது.

கடைசியில் அவனே விடையைச் சொன்னான். இப்போது தினமும் ஓடுகிற ஒரு தொடர், நாங்கள் யாரும் பார்க்காதது. பிறகு புள்ளிகளைப் படித்தான். பெங்களூருக்காரர்கள் நாலும் இரண்டும், டல்லாஸ் நாலு.

“உனக்கு ரெண்டு,” என்றான் என்னிடம்.

மூன்றாவது கேள்வியில் மெட்டி ஒலி வாசல் கதவைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த இரண்டு அது. என் கணக்கில் ஏற்றிக்கொண்டேன்.